பெத்கா மார்க் சோப்பு

"தம்பி, இதத் திருப்பி எடுத்துக்க," என்று சோப்புக் கட்டியை வண்டியின் விளிம்பில் வைத்தாள் ராத்கா. அவள் ஊர்த்தலைவர் ஸ்தாமெனின் மனைவி. அவள் வேண்டாம் என்றால் ஊரில் பாதிப் பேர் அடுப்பங்கரையிலிருந்தே வேண்டாம் என்றுவிடுவார்கள்.

சோப்பு விற்க நெதெல்கோ வந்த முதல் கிராமம் இது. வண்டிச் சரக்கை விற்றுத் தீர்த்தால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று தோந்காவின் அப்பா சொல்லியிருந்தார்.

"ஏன்க்கா, நுரை வரலையா?"

"நுரை வரணும்னா தேய்க்கணும்ல. இதுல யார் மூஞ்சி இருக்குன்னு பாத்தியா?"

முக்காடும் கையில் சிலுவையுமாகப் புனித பெத்கா சோப்பின் மேல் அழகாகப் பதிந்திருந்தாள். பல்கேரியா முழுக்கப் பெண்கள் பெத்காவைக் கும்பிடுகிறார்கள் என்பது ரூசே நகரத்து முதலாளிக்குத் தெரியும். ஏன் கும்பிடுகிறார்கள் என்பதை மட்டும் அவர் விசாரிக்கவில்லை.

"தன்னோட நாளான வெள்ளிக்கிழமையில எந்தப் பொம்பளையாச்சும் துணி துவைச்சா கைய முடக்கிப் போடுற தாய் அவங்க. அவங்களையே வச்சு என் மாமனார் கால்சராயத் தேய்க்கச் சொல்றியா?"

"இவ்வளவுதானேக்கா," என்று நெதெல்கோ பேனாக்கத்தியை எடுத்து, படத்தைச் சுரண்டத் தொடங்கினான். முதல் சுரண்டலிலேயே மூக்கு போனது.

சுற்றி நின்ற பெண்கள் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "பாவி, மூக்க அறுத்துட்டானே," என்று ஒருத்தி போட்ட கூச்சலில், சாராயக்கடையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் கோப்பையும் கையுமாக வந்து வண்டியைச் சூழ்ந்தார்கள்.

"சரி, பின்பக்கம் படம் இல்ல பாருங்க. அந்தப் பக்கமாத் தேய்ங்க."

"அப்ப தாயோட மூஞ்சிய என் உள்ளங்கையால பொத்திப் பிடிச்சுக்கணுமா? மூச்சு முட்டட்டும்ங்கிறியா?" என்றாள் ராத்கா.

நெதெல்கோவுக்கு வியர்த்துவிட்டது. வியர்த்தால் அவனுக்குப் பொய் வரும். "உண்மையச் சொல்லிடறேன். இது பெத்காவே இல்ல. எங்க முதலாளியோட சம்சாரம்."

பின்வரிசையில் நின்ற கிழவர் வுல்கோ மீசையைத் துடைத்துக்கொண்டார். "அடேய், இந்தச் சோப்பச் சாமி விளக்கடியில வச்சு, காலையிலேருந்து முத்தம் குடுத்துட்டு இருக்கேனேடா நான்."

அவர் மனைவி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கிழவர் இரண்டு ஆள் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"எவன் பொண்டாட்டியோ கையில சிலுவையோட நிக்கிறாளா?" என்று ஸ்தாமென் கர்ஜித்தார். "பாதிரி சாமியக் கூட்டிட்டு வாங்க."

தாடியில் ரொட்டித் துகளோடு வந்தார் பாதிரியார் கிராமென். கட்டியை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பெத்காதான். சந்தேகமே இல்ல. மூக்கு எங்க?"

நெதெல்கோ கத்தியைச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.

"புனித பெத்கா எங்க இருக்காங்களோ, அங்க அது அவங்களோட நாள்," என்றார் பாதிரியார். "சோப்புல இருந்தா, அந்தச் சோப்பு வீட்ல இருக்கிற நாளெல்லாம் வெள்ளிக்கிழமைதான்."

"கேட்டுக்குங்க," என்று ஸ்தாமென் கையை உயர்த்தினார். "இந்த ஊர்ல ஒரு பொம்பளையும் இந்தச் சோப்பத் தொட்டுத் துணி துவைக்கக் கூடாது. இது என் ஆணை."

"எங்க வீட்ல நடக்கவே நடக்காது," என்றார் வுல்கோ, மனைவிக்குக் கேட்கும்படி. மற்ற ஆண்களும் ஆளுக்கொரு சத்தியம் செய்தார்கள். பக்தியும் சாராயமும் சேர்ந்தால் குரலுக்குப் பஞ்சமில்லை.

எல்லாம் முடிந்தது. தோந்கா, அவளைப் பெண் கேட்டிருந்த பீப்பாய்க்காரன் மகனோடு மணவறையில் நிற்கிற காட்சி நெதெல்கோவின் கண்ணில் வந்துபோனது. அழுகையை அடக்கிக்கொண்டு அவன் கழுதையைப் பூட்டப் போனான்.

இதற்குள் ராத்கா பெண்களைக் கிணற்றடிக்கு ஒதுக்கி ஏதோ பேசினாள். பிறகு பாதிரியாரிடம் போய்ப் பணிவாக ஒன்று கேட்டாள். அவர் தாடியைச் சொறிந்தபடி தலையாட்டினார்.

"தம்பி, கழுதைய விடு. எனக்கு ஆறு கட்டி குடு."

"அக்கா, துவைக்கக் கூடாதுன்னு இப்பதானே…"

"நான் துவைக்கப் போறேன்னு சொன்னேனா? குடுப்பா."

அவள் பின்னாலேயே மற்றவர்களும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். முட்டை கொடுத்தவள், கம்பளி நூல் கொடுத்தவள், கணவனின் பையிலிருந்தே காசை எடுத்துக் கொடுத்தவள் என்று வண்டி காலியாகிவிட்டது. மூக்கறுந்த கட்டியை வுல்கோவின் மனைவி கேட்டு வாங்கினாள். "இதுன்னா இந்த மனுஷன் முத்தம் குடுக்க மாட்டாரு."

"பக்தின்னா இதுதான்யா பக்தி," என்று ஸ்தாமென் கண்கலங்கினார். மனைவிக்கு இன்னும் இரண்டு கட்டி வாங்கத் தானே காசு கொடுத்தார்.

காலி வண்டியின் கடகடச் சத்தம் நெதெல்கோவுக்கு நாதஸ்வரமாகக் கேட்டது. போன உயிர் திரும்பி வந்த நிம்மதியில் வழியெல்லாம் கழுதையோடு பேசிக்கொண்டே போனான். வேலை நிரந்தரமானது. தோந்காவின் அப்பா பிளம் சாராயத்தை ஊற்றிக் கொடுத்துக் கல்யாண நாள் குறித்தார். முதலாளியோ, "அந்த ஊருக்கே இன்னொரு தடவை போ. ரெண்டு வண்டியா கொண்டு போ," என்றார்.

மறு மாதம் அவன் போய்ச் சேர்ந்தபோது, ஊர் எல்லையில் வாதுமை மர நிழலில் பெண்கள் எல்லாம் கால் நீட்டி உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ராத்கா.

"வா தம்பி, வா. உன்னத்தான் எதிர்பாத்துட்டு இருக்கோம். சோப்பு தீரப் போவுது," என்றாள்.

நெதெல்கோவின் நெஞ்சுக்குள் கடைசியாக மிச்சமிருந்த பயமும் கரைந்தது. மேட்டுக்குக் கீழே, ஆற்றிலிருந்து துணி அடிக்கிற சத்தம் தடதடவென்று வந்தது. பெண்கள் எல்லோரும் இங்கே இருக்க, அங்கே யார் என்று அவன் எட்டிப் பார்க்கப் போனான்.

அதற்குள் பாதிரியார் கிராமென் அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு, தாடியில் நுரை சொட்டச் சொட்ட, கரையேறி அவனிடம் வந்து ரகசியக் குரலில் கேட்டார்:

"தம்பி, நான் எல்லாப் புத்தகத்தையும் புரட்டிப் பாத்துட்டேன், கிடைக்கல. ஆம்பளைங்க துணி துவைக்கக் கூடாதுன்னு சொன்ன புனிதர் யாராச்சும் இருந்தா, அடுத்த தடவை அவர் மூஞ்சியப் போட்டுக் கொண்டு வர்றியா?"