இருபத்தோரு நாள் ஊறிய திருவிருந்து ரசம்

அடுத்தவர் செய்கிற தப்பைக் கண்டுபிடிப்பது போல அலுப்பான வேலை உலகத்தில் வேறு இல்லை. லீவு கிடையாது, சம்பளம் கிடையாது, நன்றி சொல்வாரும் கிடையாது. முப்பது வயதில் அந்த வேலையை நான் முழு நேரமாகப் பார்த்தேன். இப்போது நினைத்தாலே கால் வலிக்கிறது.

காஞ்சிபுரத்தில் அப்போதுதான் மதுவிலக்கு எடுபட்டு கள்ளுக்கடை திறந்திருந்தது. எங்கள் தேவாலயத்தில் மணியடித்து, கூட்டிப் பெருக்குகிற யாக்கோபு பெரியவர் தினமும் சாயந்தரம் ஒரே ஒரு டம்ளர் கள் குடிப்பார். (இரண்டாவது டம்ளரை அவர் தொட்டதில்லை. நான்தான் தினமும் பார்த்துக்கினே இருந்தேனே.) குடித்துவிட்டு நேராக நடந்து வந்து, கோயில் வளாகத்தில் தனக்குக் கொடுத்திருந்த அறையில் படுத்துக்கொள்வார்.

சபையில் இதற்கு இரண்டு கட்சி. கல்யாண வீட்டில் தண்ணீரையே திராட்சரசமாக்கிக் கொடுத்தவர் ஆண்டவர், வெறிக்கக் குடிப்பதுதான் பாவம், அளவோடு என்றால் குற்றமில்லை என்றது ஒரு கட்சி. ஒரு சொட்டும் குடிதான் என்றது என் கட்சி. அதில் முதலில் நான் மட்டும்தான் இருந்தேன். பிறகு என் தொண்டைக்குப் பயந்து நாலு பேர் சேர்ந்தார்கள்.

புதிதாக வந்திருந்த போதகரிடம் யாக்கோபு மேல் மனு கொடுத்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். அந்த அரைப் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது. மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து ஆராதனை முடிந்ததும் விசாரிக்கலாம் என்றார் போதகர். மனு ஜெயித்தால் பெரியவருக்கு வேலையும் போகும், அறையும் போகும். பெண்சாதி செத்துப் பத்து வருஷம், பிள்ளை இல்லை, போக்கிடம் இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்குத் திருவிருந்து ரசம் செய்கிற முறை எனக்கு வந்தது. வழக்கப்படி, சனிக்கிழமை திராட்சையை வேகவைத்து, வடிகட்டிக் கொடுத்துவிட வேண்டும். போதை வரவே வராது. ஆனால் வெளுத்த ரோஸ் கலரில் இருக்கும். என் வீட்டுக்காரர் ரத்தினம் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் கண்ணைப் பறிக்கிற வீட்டிலிருந்து வெளுத்த ரசம் போவதா? சாயம் நன்றாகப் பிடிக்க வேண்டுமென்றால் ஊற வேண்டும், சூடும் வேண்டும். இது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். நான் பன்னீர் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரை கொட்டி, ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, சாய அடுப்பின் பக்கத்தில் வைத்துவிட்டேன். வைகாசி வெயில் வேறு. இருபத்தோரு நாள். தினமும் கிளறினேன். அது நுரைத்தது. சாயம் இறங்குது என்று சந்தோஷப்பட்டேன்.

நிறம் வந்தது பாருங்கள், முகூர்த்தப் புடவை நிறம்! பெரிய கூஜா நிறையக் கொண்டுபோய் வைத்தேன்.

அன்றைக்குப் பார்த்துப் பெருமாள் கோயில் கருட சேவை. ஊரெல்லாம் ஜனம், பஸ்ஸை எல்லைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அறுபது பேர் வருகிற திருவிருந்துக்குப் பதினோரு பேர்தான் வந்தோம். அதைக் கவனிக்காமல் போதகர் முழு கூஜாவையும் ஆசீர்வதித்துவிட்டார். ஆசீர்வதித்த ரசத்தை வைத்திருக்கவும் கூடாது, கீழே கொட்டவும் கூடாது, வந்தவர்களே பருகித் தீர்க்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். மீதியைப் பார்த்து எல்லாரும் தயங்கினார்கள். நான் முன்னால் போய் முழங்காலிட்டேன். என் கையால் செய்தது வீணாகலாமா?

அதற்கு முன் மதுவை நான் வாயில் வைத்ததில்லை. அதனால் தொண்டையில் எரிந்ததை பக்தி என்று நினைத்தேன். காலையிலிருந்து பட்டினி வேறு. மூன்றாம் முறை பாத்திரம் வந்தபோது, பக்கத்தில் முழங்காலிட்டிருந்த யாக்கோபு மெதுவாக, “போதும்மா,” என்றார். முறைத்தேன். நாலாவதுக்கும் அதையே சொன்னார். அவருக்கு எரிகிற மாதிரி மடக்கென்று குடித்தேன்.

விசாரணைக்கு எல்லாரும் ஆல்டர் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். என்னைப் பேசச் சொன்னார் போதகர். ஒரு வாரமாக மனப்பாடம் செய்த பேச்சு. எழுந்து நின்றேன். தரை தறியில் காலால் மிதிக்கிற கட்டை மாதிரி மேலும் கீழும் போனது. “குடிக்கிறவன் நிலையா நிக்க மாட்டான்,” என்று ஆரம்பித்து, பிடிக்க எதுவும் கிடைக்காமல் ஆர்மோனியத்தின் மேல் உட்கார்ந்தேன். அது அலறியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. போதகரைத் தம்பி என்று கூப்பிட்டு, உன் பிரசங்கம் ரொம்ப நீளம்பா என்று சொன்னேனாம். (எனக்கு ஞாபகமில்லை. மற்ற பத்துப் பேருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது.)

ரத்தினம் எழுந்துபோய் கூஜாவை மோந்து பார்த்தார்.

“ஞானம், இத்த எத்தினி நாள் ஊற வெச்ச?”

“இருபத்தோரு நாள். சாயம் புடிக்க வாணாமா?”

போதகருக்குக் காது இரண்டும் சிவந்திருந்தது, அவரும் இரண்டு வாய் பருகியிருந்தார். யாக்கோபைப் பார்த்து, உமக்கு ருசியிலேயே தெரிந்திருக்குமே என்று கேட்டார்.

“தெரிஞ்சுதுங்கய்யா. மொத வாய்லயே தெரிஞ்சுது.”

“ஏன் சொல்லவில்லை?”

“நான் சொன்னா நம்புவாங்களா? பழி வாங்கறான்னு சொல்லுவாங்க. அதான் அம்மாவாண்ட மட்டும் ரெண்டு வாட்டி போதும்னேன்.”

போதகர் கூஜாவை மூடி வைத்தார். அப்புறம், புகார் கொடுத்தவர் நிற்க முடிகிற வரைக்கும் இந்த விசாரணையைத் தள்ளிவைக்கிறேன் என்றார். என்னை ஒரு பக்கம் ரத்தினமும் ஒரு பக்கம் யாக்கோபும் பிடித்துக்கொண்டு, கருட சேவைக் கூட்டத்துக்கு நடுவில் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். மூவரில் யார் குடிகாரர் என்று தெருவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் தலைவலியோடு போய் மனுவைத் திருப்பிக் கேட்டேன். அளவோடு குடிப்பது சரி என்று அன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அந்த மனுஷனை அறையைவிட்டு வெளியேற்றுகிற யோக்கியதை எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

சபைக் கமிட்டி அதோடு விடவில்லை. இனி ரசம் யார் செய்தாலும், புளித்திருக்கிறதா என்று யாக்கோபு ருசி பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆல்டருக்குப் போக வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சபையில் அந்த ருசி நிச்சயமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. அவர் சாகிற வரைக்கும், என் முறை வந்தபோதெல்லாம், கிண்ணமும் ஸ்பூனுமாக அவர் முன்னால் நான் நின்றேன். அவர் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் யோசிப்பார். (வேண்டுமென்றுதான்.) பிறகு சொல்வார்: “புளிப்பு ஏறலம்மா. எடுத்துக்கினு போ.”

இதை ரத்தினம் வீட்டில் சொல்லி, பிள்ளைகள் பிடித்துக்கொண்டு, இப்போது மருமகன் வரைக்கும் வந்துவிட்டது. நான் காப்பி கொடுத்தால் ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடிக்கொள்கிறார். நானும் டவராவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவர் “ஏறல அத்தை” என்று சொல்லி முடிக்கட்டும் என்று.