பட்டாசு லோடும் பைலட் சீட்டும்

ஆமத்தூரில் எங்களுக்கு இருந்த கரிசல் காட்டு நிலத்தை விற்றாவது என் மகளை விமானத்தில் உட்கார வைப்பது என்று முடிவு செய்தேன். பயணியாக அல்ல, விமானியாக. முடிவு என்றால் முடிவுதான். யார் தடுத்தாலும் நிற்க மாட்டேன். தடுக்கக் கூடியவள் ஒருத்திதான் என்பதால், அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

அவள் என் மனைவி முருகேஸ்வரி. இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையை என்னை எழுத விடாமல் அவளே சொல்லியிருப்பாள், இன்னும் கொஞ்சம் மோசமாக.

மகள் பாண்டிமீனா விமானம் ஓட்டப் படித்து லைசென்சும் வாங்கிவிட்டாள். எந்தக் கம்பெனியும் வேலை தரவில்லை. அனுபவம் இல்லையாம். வேலையே தராவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும்? அப்போதுதான் சென்னையிலிருந்து நவநீதகிருஷ்ணன் என்ற ஏஜெண்ட் போனில் ஒரு வழி சொன்னார். வெளிநாட்டில் ஒரு விமானக் கம்பெனி. பணம் கட்டினால், கேப்டனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பயணிகளோடு பறந்து அனுபவம் சேர்த்துக்கொள்ளலாம்.

"சம்பளம் எம்புட்டுங்க?" என்றேன்.

"சம்பளம் கிடையாது சார். சீட்டுக்கு நீங்கதான் கட்டணும்."

எனக்கு நியாயமாகவே பட்டது. விருதுநகர் பஜார் முழுக்க 'எங்க பாப்பா பெரிய பிளேன் ஓட்டப் போகுது' என்று சொல்லி முடித்திருந்தேன். அப்படிச் சொன்னவனுக்கு எதுவும் நியாயமாகத்தான் படும்.

ஒரு நாள் சாயங்காலம் முருகேஸ்வரி வந்து நின்றாள்.

"காட்ட விக்கப் போறீகளாமே?"

"யாரு சொன்னா?"

"காட்டப் பாக்க வந்தவுகதான். கிணறும் சேத்தியான்னு எங்கிட்டயே கேட்டாக."

"எல்லாம் பிள்ளை நல்லதுக்குத்தான்," என்று ஏஜெண்ட் சொன்ன வழியைச் சொன்னேன்.

"வேலைக்குப் போற பிள்ளை கம்பெனிக்குப் பணம் குடுக்குமாக்கும்? நம்ம பக்கம் கம்பெனிக்காரன்ல முன்பணம் குடுத்து ஆள் பிடிப்பான்?"

"அது பட்டாசுக் கம்பெனி. இது விமானக் கம்பெனி."

"அப்ப பட்டாசுக் கம்பெனிதான் கௌரவமான கம்பெனின்னு சொல்லுங்க."

"நீ என்ன சொன்னாலும் சரி, வியாழக்கிழமை பத்திரம்."

"சரி, உங்க இஷ்டம்."

அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் ஒரே தடவையில் சரி சொன்னதில்லை.

அப்போது எனக்கு சிவகாசியிலிருந்து பட்டாசு லோடு ஏற்றும் லாரிகள் ஓடின. தீபாவளி சீசன். மறுநாள் காலையில் டிரைவர் ராக்கப்பன் காய்ச்சலில் படுத்துவிட்டான். லோடு காத்திருந்தது. முருகேஸ்வரி ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"ராக்கப்பனுக்குப் பதிலா இவன் போவான். சிவபாண்டி. எங்க ஊரு ஆனைக்குட்டத்துப் பிள்ளை."

"பட்டாசு லோடு அடிச்சிருக்கியாலே?" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. லைசென்ஸே இப்பத்தான் கைக்கு வந்துச்சு. எனக்குச் சம்பளம் வேண்டாம். நான்தான் உங்களுக்குப் பணம் தாரேன். பட்டாசு லோடு ஓட்டுனவன்னு சொன்னாத்தான் பெரிய டிரான்ஸ்போர்ட்டுல எடுப்பாக."

எனக்கு உச்சந்தலை சுட்டது.

"ஏலே, பழகுறதுக்குப் பட்டாசு லோடுதான் கிடைச்சுதா? வளைவுல நீ ஒரு தப்புப் பண்ணினா ரோட்டுல போறவன் வாறவன் எல்லாம் போயிருவான். முதல்ல பருப்பு மூட்டை ஏத்திப் பழகு. கவுந்தாலும் அள்ளிக்கிடலாம்."

"பணத்தக் கூட்டித் தாரேன் அண்ணாச்சி."

"கூட்டித் தருவியா? உன் பணத்த வாங்கிட்டு, நீ தப்பா ஓட்டுறப்ப 'எறங்குலே'ன்னு எந்த வாயால சொல்லுவேன்? சம்பளம் குடுக்கிறவன்தான் எறக்கிவிட முடியும். பணம் வாங்கினவன் பல்லத்தான் இளிக்கணும்!"

இவ்வளவு தெளிவாக நான் பேசியதே இல்லை. பெருமையாகத் திரும்பினேன். முருகேஸ்வரி என் போனை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்த ஏஜெண்டு லைன்லதான் இருக்காரு. நீங்க பேசுனது முழுக்கக் கேட்டுட்டாரு. மிச்சம் இருந்தா அதையும் சொல்லிருங்க."

போனுக்குள் நவநீதகிருஷ்ணன் பதறினார். "சார், தப்பா நினைக்காதீங்க! எங்க விமானத்துல பட்டாசெல்லாம் ஏத்துறதே இல்ல சார். வெறும் மனுஷங்க மட்டும்தான்!"

போனை வைத்துவிட்டேன். காடு பிழைத்தது.

பாண்டிமீனா மெதுவாக வாசலுக்கு வந்தாள். "அப்பா, பைலட்டுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கிற வேலை ஒண்ணு இருக்குப்பா. ஒரு பரீட்சை எழுதணும். சின்ன பிளேன், சின்னச் சம்பளம். ஆனா தினமும் பறக்கலாம். நீங்க பஜார்ல பேசுனதக் கேட்டு, சொல்லப் பயந்துட்டேன்."

"அதாவது, பருப்பு மூட்டை?"

"ஆமாப்பா."

"அந்த வேலையிலயே சேருத்தா," என்றேன். தோற்றாலும் மிடுக்கை விடக் கூடாது என்று மனைவி பக்கம் திரும்பினேன். "உன் நாடகமெல்லாம் சரி. இப்ப லோடுக்கு யாரு போறது?"

"சிவபாண்டிதான். நாக்பூர் வரைக்கும் பட்டாசு லோடு அடிக்கிற பிள்ளை. லீவுக்கு வந்தவனைக் கெஞ்சிக் கூட்டியாந்திருக்கேன். சம்பளம் பேசியாச்சு. நீங்க ஏசினதுக்கு மட்டும் தனியாக் கேக்கான், பாத்துக் குடுத்துருங்க."