நண்டுக் கட்சியும் இறால் கட்சியும்

"சீக்கிரம் சொல்லுங்கய்யா. நண்டா, இறாலா?"

படகுக் கேண்டீன் அம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, பூட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். எந்தக் கேள்வி யார் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது என்று அவர் காலையிலிருந்து காவல் காத்தாரோ, அது மகளின் கல்யாணத்தன்று, சம்பந்தியின் காதுக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்துவிட்டது.

"கல்யாணம் முடிஞ்சு திரும்பினதும் கரையில உங்க சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் சாப்பாடு தயாரா இருக்கணும்னீங்க. எங்கிட்ட இருக்கிறது ஒரே அடுப்பு. ஏதாவது ஒரு சாண்ட்விச்தான் பண்ண முடியும். எது?"

பூட்டுக்காரர் துறைமுகத்துப் பக்கத்து ஆள். அங்கே சாண்ட்விச் என்றால் நண்டுதான். நண்டுச் சதையைப் பஞ்சு மாதிரி உதிர்த்து, வெண்ணெயும் மிளகும் சேர்த்து, ஓரம் வெட்டிய ரொட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், சாப்பிடுகிறவன் கண்ணை மூடிக்கொள்வான். சம்பந்தியோ முகத்துவாரத்துப் பக்கம். அங்கே இறாலை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, நீள ரொட்டியைப் பிளந்து அடைத்து, பச்சை வெங்காயமும் எலுமிச்சையும் போட்டுக் கடிப்பார்கள். கடிக்கிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

இந்த இரண்டு சாண்ட்விச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கல்யாணம் ஏற்கெனவே இரண்டு தடவை நின்றுவிட்டது. முதல் தடவை சம்பந்தி, "நண்டு சாண்ட்விச்சா? பல்லு விழுந்தவங்க சாப்பிடறது" என்றார். இரண்டாம் தடவை பூட்டுக்காரர், "இறால் சாண்ட்விச்சா? அது சாப்பாடு இல்லை, மரவேலை" என்றார்.

காலையில் படகு ஏறும்போதே மகள் சொல்லிவிட்டாள். "அப்பா, அக்கரையில ரிஜிஸ்டர் ஆபீஸ் ஒரு மணிக்கு மூடிடும். இன்னிக்கும் சாப்பாட்டுப் பேச்சால நின்னுச்சு, அப்புறம் எங்கிட்ட கல்யாணப் பேச்சே எடுக்காதீங்க."

"என் வாய்க்கு நானே பூட்டுப் போட்டுட்டேம்மா" என்று அவர் சத்தியம் செய்தார். ஊரில் எந்தப் பூட்டையும் ஊசி முனையால் திறந்துவிடுவார் மனிதர். தன் வாய்க்கு மட்டும் இன்றுவரை ஒரு பூட்டு அகப்படவில்லை.

இருந்தாலும் சமாளித்துப் பார்த்தார். "சம்பந்தி என்ன சொல்றாரோ, அதுதான்" என்றார்.

சம்பந்தியும் மகனுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவர்தான். "சேச்சே, பொண்ணு வீட்டுக்காரங்க நீங்க. நீங்க சொன்னா சரி."

"இல்லை இல்லை, நீங்க சொல்லுங்க."

"நீங்க சொல்லாம நான் வாயே திறக்க மாட்டேன்."

"இவ்வளவு பெரிய மனசோட சொல்றீங்க… அப்ப நண்டு" என்றார் பூட்டுக்காரர்.

சம்பந்தியின் புன்னகை அப்படியே நின்றது. முகம் மட்டும் அதை விட்டுப் போய்விட்டது. "தாராளமா" என்றார். "ஆஸ்பத்திரியில கட்டுப் போடறதுக்கு எடுத்து வச்ச பஞ்சு இருந்தா, அதையும் ரெண்டு ரொட்டிக்கு நடுவுல வச்சுக் கொடுக்கட்டும்."

சம்பந்தி முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். ஹாரன் கெட்டுப்போன நாட்களில் ஜன்னல் வழியே தலையை நீட்டி ஒரு செருமல் செருமினால் லாரிகள் சாக்கடையில் இறங்கி வழி விடுமாம். அவர் மெதுவாகச் சொன்னதே படகின் மேல்தளம் வரை கேட்டது.

"சண்டை எதுக்கு?" என்றார் பூட்டுக்காரர், நியாயஸ்தர் மாதிரி. "இங்கே இருக்கிற பயணிகளையே கேப்போம். பொதுவான ஆளுங்க."

அவர் செய்த பெரிய தப்பு அதுதான். வெளியே மழை, பக்கத்துத் தார்ப்பாய்களையெல்லாம் இறக்கிவிட்டு, கீழ்த்தளத்தில் மொத்தக் கூட்டமும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. கேட்டதுதான் தாமதம், படகு இரண்டாகப் பிரிந்தது. நண்டுக் கட்சி வலது பக்கம், இறால் கட்சி இடது பக்கம். இறால் கட்சிக்குக் கூட்டம் அதிகமானதில் படகே இடது பக்கம் சாய்ந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். தபால்காரர் ஒருவர் கணவாய் மீன் சாண்ட்விச்சுக்குத் தனிக் கட்சி தொடங்கி, ஆள் சேராமல் அந்த இடத்திலேயே கலைத்தார்.

"கடல் வாடையே தெரியாத ஆள் யாராவது இருக்கீங்களா? நீங்க சொல்லுங்க தீர்ப்பு!" என்று கத்தினார் சம்பந்தி.

மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒரு கம்பளி வியாபாரியை இழுத்து வந்து உட்கார வைத்தார்கள். கேண்டீன் அம்மா இரண்டிலும் ஒவ்வொன்று செய்து தந்தாள். அவர் இரண்டையும் பொறுமையாக, கடைசித் துணுக்கு வரை தின்றார். வாயைத் துடைத்தார். கூட்டம் மூச்சைப் பிடித்தது.

"இதுல மீன் எது?" என்றார்.

அதன்பிறகு நடந்த கூச்சலில் பூட்டுக்காரரின் மனைவிதான் எழுந்து வந்தாள். பின்னாலேயே சம்பந்தியம்மா. இவ்வளவு நேரம் இரண்டு பேரும் ஒரு மூலையில் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, ஊரைக் கூட்டாதீங்க. உங்க ரெண்டு பேர் நாக்கையே கேப்போம். கண்ணைக் கட்டிக்கிட்டு ருசி பாருங்க. ஒரே ரொட்டி, ரெண்டையும் பொடியா நறுக்கிடுவாங்க. எது நல்லா இருக்கோ அதுதான் கல்யாண விருந்து. சம்மதமா?"

"இதுக்கு எதுக்குக் கண்ணைக் கட்டணும்? மூக்கைக் கட்டினாக்கூடச் சொல்லுவேன்!" என்றார் சம்பந்தி.

"கட்டை முதல்ல யார் அவுக்கறாங்களோ, அவங்க தோத்த மாதிரி" என்றாள் சம்பந்தியம்மா, தன் சால்வையால் கணவரின் கண்ணை இறுக்கிக் கட்டியபடி. "ஏழு ரவுண்டு. முடியற வரைக்கும் அசையக் கூடாது."

தோற்பது என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு பேரும் சிலையானார்கள்.

முதல் துண்டு. பூட்டுக்காரர் மென்றார், உருகினார். "அடடா! இதுதான் எங்க துறைமுகம்! நாக்குல வைக்கறதுக்குள்ள கரையுது. நண்டுன்னா நண்டு!"

"அது இறாலுங்க" என்றாள் கேண்டீன் அம்மா.

சம்பந்தி சிரித்த சிரிப்பில் தார்ப்பாய் படபடத்தது. அவர் வாயிலும் ஒரு துண்டு விழுந்தது. "இதோ! இந்த உறுதி, இந்த மிடுக்கு இருக்கே, எங்க இறாலைத் தவிர வேற எதுக்கு வரும்?"

"அது நண்டுங்க."

படகு ஒரு குலுக்குக் குலுங்கியது. சம்பந்தி மேஜையைக் குத்தியதால்தான் என்று பூட்டுக்காரர் நினைத்தார். அதற்கப்புறம் பேரமைதி. என்ஜின்கூட வாயை மூடிக்கொண்டு முடிவுக்காகக் காத்திருப்பது போல இருந்தது.

"அப்பா…" என்று மகளின் குரல் பக்கத்தில் கேட்டது. "மேல வர்றீங்களா?"

"இரும்மா! உன் கல்யாணத்துக்குத்தானே இந்தப் பாடு!"

"அப்ப மத்ததை நாங்களே பாத்துக்கட்டுமாப்பா?"

"பாத்துக்கோ, பாத்துக்கோ. நல்லபடியா பாத்துக்கோ. அடுத்த துண்டு!"

ஏழு ரவுண்டும் நடந்தது. கேண்டீன் அம்மா அவசரமே படவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர், வாய் மாற ஒரு வெள்ளரித் துண்டு, நாக்கு ஆற ஒரு ஓய்வு. ஏழு ரவுண்டிலும் பூட்டுக்காரர் நண்டு என்று கொண்டாடியதெல்லாம் இறால். சம்பந்தி இறால் என்று சத்தியம் செய்ததெல்லாம் நண்டு.

கட்டை அவிழ்த்தபோது மறுபடி என்ஜின் முழங்கிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற முகங்கள் புதிதாகத் தெரிந்தன. இவ்வளவு நேரம் இருட்டில் கிடந்த கண்ணுக்கு எல்லாமே புதிதாகத்தான் தெரியும் என்று பூட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சம்பந்திதான் முதலில் வாயைத் திறந்தார்.

"சம்பந்தி, மனசு விட்டுச் சொல்றேன். உங்க நண்டு… அது ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு. விருந்துக்கு நண்டே இருக்கட்டும்."

"அதெப்படி? அந்த இறாலைத் தின்ன வாயால நான் நண்டுன்னு சொல்லுவேனா? இறால்தான்!"

"நண்டுன்னு சொல்றேன்ல!"

"இறால்னா இறால்!"

புதுச் சண்டை பழைய சண்டையைவிட உக்கிரமாக நடந்தது. கட்சித் தலைவர்கள் இருவரும் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டார்கள். கூட்டம் ஒன்றும் புரியாமல் திகைத்து நின்றது. கடைசியில் கேண்டீன் அம்மா, "அடுப்பு ஆறறதுக்குள்ள ரெண்டுலயும் பாதிப் பாதி போட்டுத் தொலைக்கிறேன், விடுங்கய்யா!" என்று கரண்டியால் மேஜையில் ஓங்கி அடித்தாள். படகும் அதே நேரம் மறுபடி குலுங்கி நின்றது.

"பாதிப் பாதி!" என்று பூட்டுக்காரர் சம்பந்தியைக் கட்டிக்கொண்டார். "இது ஏன் நமக்கு ஒரு வருஷமா தோணலை? இனி நம்ம பிள்ளைங்க கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்லை!"

"கரை வந்தாச்சு, வாங்க! ஒரு மணிக்கு ஆபீஸ் மூடிடுவான்!" என்றார் சம்பந்தி.

ருசி பார்த்ததில் மிஞ்சிய சாண்ட்விச்சை ஆளுக்கொரு தட்டில் தூக்கிக்கொண்டு, தடதடவென்று படியேறி ஓடினார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. கரையில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா பாசத்தை! இங்க வரைக்கும் வந்துட்டாங்க!" என்று நெகிழ்ந்தார் சம்பந்தி.

படகின் வாசலில் டிக்கெட் கிழிப்பவர், உதட்டோரம் ஒட்டியிருந்த மஞ்சள் கருவைத் துடைத்துக்கொண்டு நின்றார். பூட்டுக்காரர் அவரைப் பிடித்து உலுக்கினார். "ரிஜிஸ்டர் ஆபீஸ் எந்தப் பக்கம்? சீக்கிரம் சொல்லுப்பா, கல்யாணத்துக்கு நேரமாச்சு!"

"அது அக்கரையிலங்க, இது நாம கிளம்பின கரை, உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் அங்கே இறங்கிக் கல்யாணத்தை முடிச்சு இதே படகுலதான் திரும்பினாங்க, சாட்சிக்கு ரெண்டு அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டோம், விருந்துக்கு ஆளுக்கொரு முட்டை சாண்ட்விச் வாங்கிக் கொடுத்தாங்க பாருங்க, அந்த ருசிக்கு முன்னாடி உங்க நண்டும் நிக்காது, இறாலும் நிக்காது!"