நம்பரை விட்டுவிட்டவர்

தங்கராஜு தம் மச்சான் முருகையாவுக்கு இருநூற்று எழுபத்தைந்து வெள்ளி கடன்பட்டிருந்தார். மழுப்பல் வேண்டாம், அத்தனையும் நாலு நம்பர் லாட்டரியில் போன காசு.

வாசகரே, சூதாடுகிறவன் ஓர் இனம். சூதை விட்டுவிட்டவன் வேறோர் இனம். முதல் இனம் சத்தம் போடாது. இரண்டாவது இனம் வாயை மூடாது. கோலா சிலாங்கூரிலிருந்து சபாக் வரை எந்தத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையிலும் பார்க்கலாம்: கையில் முனியாண்டி கோயில் மஞ்சள் கயிறு, நெற்றியில் திருநீறு, முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து, "மனுசன் நெனச்சா முடியாதாலா?" என்று இளவட்டங்களுக்குப் புத்தி சொல்லி, சொன்ன வாய் காயுமுன் குரலைத் தாழ்த்தி, "நேத்து வாய்க்கால்ல கவுந்த லோரி, நம்பர் என்னா?" என்று கேட்பார். சும்மா தெரிந்துகொள்ளத்தான்!

இதற்கெல்லாம் படித்தவர்கள் புத்தகம் போடுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சொந்தமாய் மூன்று லோரி வாங்கிய எனக்குக் கண்ணே போதும்.

தங்கராஜு செய்யாத வைத்தியமா? மொட்டை போட்டார். நம்பர் கடையைப் பார்க்காமலிருக்க மீன் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தார். ஆசை வரும்போதெல்லாம் புளிப்பு மிட்டாய் சப்பினார். ஜூன் பதினாலாம் தேதி ஒரேயடியாய் விட்டார். விட்ட நாள் நல்ல நாளாயிற்றே என்று மறுநாளே ஒன்று, நாலு, சைபர், ஆறு என்று சீட்டு எடுத்தார்.

கடைசியில், கையில் எரிந்த கற்பூரத்தை முனியாண்டி முன் அடித்து அணைத்தார். "சாமி, இனிமே நம்பர் கடை வாசப்படிய மிதிக்க மாட்டேன்!"

என்ன சொன்னார் என்று கவனித்தீர்களா?

சனிக்கிழமை மனைவி நாகமணி மீன் வாங்கப் பையோடு கிளம்பினாள். தங்கராஜு ஐந்து வெள்ளியையும் ஐந்து நம்பர் எழுதிய துண்டுத் தாளையும் நீட்டினார்.

"சாமிகிட்ட சத்தியம் பண்ணீங்களே?"

"என் காலுதானடி பண்ணுச்சு? ஒங்காலு பண்ணலியே!"

நாகமணி வாங்கிக்கொண்டாள். சீட்டைத் தொடவும் சத்தியம் இடம் கொடுக்காதாம். அது அவளிடமே இருக்க வேண்டுமாம். பக்தி! வாராவாரம் இதே பூசை. நாகமணியோ, கடனை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கை நனைப்பது என்று அண்ணன் வீட்டுப் பக்கமே போகாமலிருந்தாள். ஒரு தீபாவளி போயிற்று. மறு தீபாவளியும் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைப் பிரித்தவர் லயமே அதிரக் கத்தினார். ஆறுதல் பரிசு! "நாகமணி! அறுவது வெள்ளி! சீட்ட எடு!"

"சீட்டு இல்ல."

"தொலைச்சிட்டியா?"

"எடுக்கவே இல்ல. ஒரு வாரமும் எடுக்கல."

பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அவர் மடியில் கவிழ்த்தாள். அவர் கொடுத்த ஐந்து வெள்ளி நோட்டுகள் மடிப்புக் கலையாமல் கொட்டின.

"பாவி, அறுவது வெள்ளி போச்சே!"

"போனது அறுவது. போகாததையும் எண்ணிப் பாருங்க."

எண்ணினார். கடனுக்குச் சரியாக இருந்தது. பஸ் காசுக்கும் மிஞ்சியது.

"இதுல ஒரு பத்து மட்டும்..."

"சட்டைய மாட்டுங்க. அண்ணன் வீட்டுக்குப் போறோம்."

விட நினைக்கிறவர்களுக்கு இதுதான் வழி. காலில் சத்தியம் வைக்காதீர்கள், காசில் வையுங்கள். சம்பளம் உங்கள் பைக்கு வருமுன் நாகமணியைப் போன்ற ஒரு கைக்குப் போய்ச் சேரட்டும். அந்தக் கை திரும்ப நீளாத கையாக இருக்கட்டும்.

உங்களுக்கு அந்த நோய் இல்லை என்கிறீர்கள். நல்லது. அப்படியானால் முதல் வரியில் சொன்ன தொகைக்கு முன்னால் ஒரு சைபர் போட்டு நாலு நம்பராக்கிப் பார்த்தது யார்?

ராசா ஊரில், அண்ணன் முருகையா வாசலுக்கு வந்து உள்ளங்கையை விரித்தார். தங்கராஜு ஒவ்வொரு நோட்டாக வைத்தார். வைக்குமுன் ஒவ்வொன்றிலும் இருந்த கடைசி நாலு எண்ணை அவர் உதடு முணுமுணுத்தது.

"மாப்ள, படிச்சது போதும்லா. கையில வைங்க."

நாகமணி படிக்கு வெளியிலேயே நின்றாள். கடைசி ஐந்து வெள்ளி அண்ணன் கையில் விழுந்த பிறகுதான் காலை எடுத்து உள்ளே வைத்தாள்.