சந்தோசம் சொன்னால்தான் மாடு நடக்கும்

முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்த மனிதர் ஒருவர்கூட அந்தக் காலத்தில் கிடையாது. நடந்து போனவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. சந்தோச ராவுத்தர் வண்டியில் போனவர்களைச் சொல்கிறேன்.

ரயில் வராத காலம். நான் முன்சீப் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. தினமும் ராவுத்தரின் கூண்டு வண்டியில்தான் போவேன். ஏறி உட்கார்ந்ததும், "அய்யா, இன்னைக்கு நல்லது என்ன நடந்துச்சு?" என்று கேட்பார். ஆளுக்கொன்று சொல்லியாக வேண்டும். கடைசியில் அவர் முறை. "வீட்டுல இன்னைக்குக் கஞ்சிக்குத் தொவையல் அரைச்சிருந்தா. சந்தோசம்" என்பார். மாடுகள் நடக்கும்.

இது அவர் மனைவி போட்ட சட்டம். முன்பெல்லாம் ராவுத்தர் வண்டி பூட்டும்போதே மாட்டைத் திட்டுவார், பிறகு ரோட்டைத் திட்டுவார், ஏறியவர்களின் கனத்தைத் திட்டுவார். அந்த அம்மாள்தான், "காலையில ஒரு நல்லதைச் சொல்லிட்டு வண்டியை எடுங்க. அம்புட்டுத்தேன் கேக்கேன்" என்றாராம். மனிதர் சொல்லிச் சொல்லிப் பழகினார். சாட்டை பரணில் ஏறியது. ஆனால் கூடவே மாடுகளும் பழகிவிட்டன. ‘சந்தோசம்’ காதில் விழாமல் ஓரடி எடுத்து வைக்காது. விழுந்துவிட்டால் நிற்காது.

என் வக்கீல் ஒருநாள் கேஸ் ஜெயித்த குஷியில், தலைப்பாகையைக் கழற்றி வண்டிக்குள் வைத்துவிட்டு, ஏறப்போகும் சமயத்தில் கட்சிக்காரரைப் பார்த்து, "பரம சந்தோஷம்" என்றார். ச-வுக்கும் ஷ-வுக்கும் மாடுகள் பேதம் பார்ப்பதில்லை. வக்கீல் கோர்ட் வாசலில் நிற்க, தலைப்பாகை மட்டும் தேர் நிற்கும் தேர்முட்டி வரை போய்த் திரும்பியது.

எங்களோடு கேஸ் ராஜா என்று ஒருவர் வருவார். கிணற்றுப் பங்குக்காகத் தம்பிமேல் வழக்குப் போட்டவர். நல்லது என்ன என்று அவரைக் கேட்டால் எரிந்து விழுவார். "தீர்ப்பு வரட்டும், பொறவு சந்தோசப்படுதேன்" என்பார். அதிலேயே அந்தச் சொல் வந்துவிடுவதால் மாடுகள் கிளம்பிவிடும். ராவுத்தர் துண்டுக்குள் சிரிப்பார்.

ஒரு ஐப்பசியில் அந்த அம்மாளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. அப்போதும் ராவுத்தர் வழக்கத்தை விடவில்லை. "ராத்திரி செத்த நேரம் கண்ணசந்தா. சந்தோசம்" என்றார். மறுநாள், "ரெண்டு வாய் கஞ்சி இறங்குச்சு. சந்தோசம்." அந்த ஒரு வரிக்காக நாங்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்போம். கேஸ் ராஜாகூட வாயைத் திறப்பதில்லை.

பிறகு ஒருநாள் வண்டி வரவில்லை. அந்த அம்மாள் போய்விட்டார்.

நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி முடிந்துதான் ராவுத்தர் மறுபடி வண்டி பூட்டினார். எங்களை எதுவும் கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்தார். மாடுகள் அசையவில்லை. "ஹை" என்றார். "போங்களேன்" என்றார். காதை மட்டும் ஆட்டின.

கேஸ் ராஜாவுக்கு அன்று தீர்ப்பு நாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ராவுத்தர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அந்தச் சொல்லு வாயில வரமாட்டேங்குது ராஜா. வேற வண்டி பாத்துக்கிடுங்க. நான் மாட்டை வித்துரப் போறேன்."

ராஜாதான் தொண்டையைச் செருமினார்.

"ராவுத்தரே, இம்புட்டு நாளா நல்லது சொல்லு, நல்லது சொல்லுன்னு என் உசிரை எடுத்தீரே. இன்னைக்குச் சொல்லுதேன், கேட்டுக்கிடும். நீரு திரும்ப வந்துட்டீரு. சந்தோசம்."

மாடுகள் நடந்தன. ராவுத்தர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தோள் குலுங்கியது. அன்று ராஜாவின் கேஸ் தோற்றது, அது வேறு விஷயம்.

அதன்பிறகு தினமும் எங்களில் யாராவது ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னோம். மாட்டை அவர் விற்கவில்லை. மாசி பிறந்து ஒரு காலையில், யாரும் வாய் திறக்குமுன் அவரே மெதுவாகச் சொன்னார்: "ராத்திரி கனாவுல வந்தா. சந்தோசம்."

இப்போது ரயில் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் என் வாய் தானாக ‘சந்தோசம்’ என்கிறது. பக்கத்திலிருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். என்ன செய்வது, ராவுத்தரின் அந்தச் சொல் கேட்காமல் ஒரு வண்டி கிளம்பினால் எனக்கு மனசு கேட்பதில்லை.