முடிஞ்சுபோன கல்யாணத்துக்குப் பந்தல் கிளம்பிருச்சு!

நேத்து எனக்கு இருந்தது ஒரே வேலை. மச்சான் கடை ஆப்புக்கு அப்டேட் போடணும்.

மச்சான்னா என் வீட்டுக்காரியோட அண்ணன். அவனியாபுரத்துல பந்தல், சேர் வாடகைக்கு விடுறாரு. புக்கிங் எல்லாம் ஒரு ஆப்ல. அந்த ஆப் ஓடுற சர்வர் என் வீட்டு பீரோ மேல. "வெளிய எதுக்கு மச்சான் குடுத்துக்கிட்டு? நான் இருக்கேன்ல!"ன்னு வாய விட்டது நாந்தேன்.

அப்டேட் போட்டேன். சர்வர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனேன். ஆப்பத் தெறந்தா, "வருக! உங்கள் முதல் புக்கிங்கைச் சேர்க்கவும்"ங்குது.

முதல் புக்கிங்கா? அம்புட்டும் போச்சா!

அந்நேரம் பாத்து மச்சான் போன். "மாப்ள, வண்டியில சாமான் ஏத்தியாச்சு. வாடிப்பட்டில எந்த மண்டபம்னு பாத்தா ஆப்ல ஒண்ணுமே காட்டல?"

"லோடு ஆகுது மச்சான், ஒரு நிமிஷம்!"

வண்டிதேன் லோடு ஆகியிருந்துச்சு. ஆப்ல ஒண்ணும் ஆகல.

பேக்கப்பத் தேடுனேன். கெடச்சது போன வருசத்துது. இருக்கட்டும்னு ரீஸ்டோர் அடிச்சேன். ஆப் முழிச்சுக்கிச்சு!

முழிச்சது சும்மா இருந்திருக்கலாம். போன வருசம் அனுப்ப வேண்டிய மெசேஜ் இன்னும் போகலைன்னு நெனச்சு, பழைய கஸ்டமர் எல்லாருக்கும் "உங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் கிளம்பிவிட்டது"ன்னு தட்டி விட்டுருச்சு. தொடர்புக்கு என் நம்பர்!

முதல் போன், எழுமலையில இருந்து ஒரு பொண்ணோட அப்பா. "தம்பி, கல்யாணம் முடிஞ்சு எம் மக மாசமா இருக்கா. மறுபடி எதுக்குப் பந்தலு?"

"அட்வான்ஸ் வாழ்த்துகள்ணே!"ன்னு ஒளறி வச்சேன்.

அடுத்தது ஒரு அக்கா. "மாப்பிள்ள வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. சேரு வருதுன்னா அவுகளும் வாராகளா?"

"சேர் மட்டுந்தேன்க்கா!"

அடுப்படில இருந்து வீட்டுக்காரி, "ஏங்க, யாருக்குங்க கல்யாணம்?"

அப்பத்தேன் எனக்கு ஒறச்சுச்சு. ஆப் இருக்கறது ஒரு டிஸ்க்ல. புக்கிங் இருக்கறது வேற டிஸ்க்ல. அந்த ரெண்டாவத மவுண்ட் பண்ணணும், அதாவது ஆப்போட கண்ணுக்குத் தெரியுற மாதிரி கோத்து விடணும். நான் கோக்கவே இல்ல! ஆப் பாத்தது வெறும் ஃபோல்டர. அதுக்குள்ளதேன் நான் போன வருசத்தக் கொண்டாந்து கொட்டியிருக்கேன்.

ஆப்ப நிறுத்தி, கொட்டுனத அள்ளிட்டு, டிஸ்க்கக் கோத்தேன். ஒரே வரி கமாண்ட். அம்புட்டு புக்கிங்கும் வந்து உக்காந்துருச்சு!

எந்திரிச்சு ஆடிட்டேன். ஆடிக்கிட்டே போன் போட்டேன். "மச்சான்! பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மண்டபம். கெளம்புங்க!"

சாயங்காலம் மச்சான் வீட்டுக்கே வந்துட்டாரு. திட்டு வாங்கத் தயாரா நின்னேன். பாத்தா கையில அல்வாப் பொட்டலம்.

"மெசேஜப் பாத்துட்டு ரெண்டு பேரு காதுகுத்துக்கும், ஒருத்தரு புது வீட்டுப் பால்காய்ச்சுக்கும் புக் பண்ணிட்டாக. சூப்பர் விளம்பரம் மாப்ள!"

நானும் கூச்சப்படாம அல்வாவ வாங்கிக்கிட்டேன்.

வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே கேட்டாரு:

"அடுத்து எப்ப மாப்ள ஆப்பக் கெடுப்பீங்க?"