ஹங்கேரி பாயும் மூச்சு விட்ட மெஷினும்

ஒரு மொழியில் ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் தெரியாமல், அந்த மொழியை அட்சரம் பிசகாமல் பேச ஒரு மெஷினைப் பழக்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் பக்கத்து க்யூபிக்கிளில் உட்கார்ந்திருந்தார். மேலப்பாளையத்துக்காரர். நியூ ஜெர்சி, பார்சிப்பனியில் 2004-ல் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஹங்கேரி பாய். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மட்டும் தெரியும்.

எழுத்தைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். ஸ்பானிஷ், ஜெர்மன் எல்லாம் பெரிய டீம்களுக்குப் போக, மிஞ்சிய ஹங்கேரியன் எங்கள் நாலு பேர் தலையில் விழுந்தது. ஒரு ஹங்கேரி அம்மாள் ஸ்டூடியோவில் ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் படித்துக் கொடுத்திருந்தார். அந்தக் குரலைத் துண்டு துண்டாக நறுக்கி, வேண்டிய வரிசையில் ஒட்டினால், எந்தச் செய்தியையும் அவரே படிப்பதுபோல் கேட்கும். கேட்கும் என்று நம்பினோம்.

பாய்க்கு அதே பைத்தியம். ஃப்ரீவேயில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஹங்கேரி வானிலை அறிக்கையை மனப்பாடமாக ஒப்பிப்பார். பக்கத்து சீட்டில் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சனிக்கிழமைகளில் நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு ஹங்கேரியன் பேக்கரிக்குப் போவார். ரொட்டி வாங்க இல்லை, க்யூவில் நிற்கும் பாட்டிமார் பேசுவதைக் கேட்க. தன் முறை வந்ததும் பின்னால் இருப்பவருக்கு வழிவிட்டு, மறுபடி கடைசியில் போய் நிற்பார். நாலாவது சுற்றில் கடைக்காரர் முறைக்கவே, பதறிப்போய் ஆறு கசகசா ரொட்டி வாங்கிவிட்டார். திங்கட்கிழமை அவற்றை எங்கள் தலையில் கட்டினார்.

“அர்த்தம் தெரியாம எப்படி பாய் தப்பு கண்டுபிடிக்கிறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சின்னதுல குர்ஆன் ஓதப் போனப்ப எனக்கு அரபி அர்த்தம் தெரியுமா வே? ஒரு இழுப்பு குறைஞ்சாலும் ஓதிக்கொடுக்குற ஹஜ்ரத் அங்கனயே நிறுத்திருவாரு. காது அப்பவே ட்ரெய்ன் ஆயிட்டு.”

முதல் சோதனையில் புடாபெஸ்ட்காரர்கள் மூன்று பேர் கேட்டார்கள். வார்த்தைகள் எல்லாம் சரி, ஆனால் ஒரு பக்கம்கூடக் கேட்க முடியவில்லை என்றார்கள். ஒருவர், ‘இந்த அம்மாளை யார் துரத்துகிறார்கள்?’ என்று எழுதியிருந்தார். அடுத்த மாதம் அவர்கள் நேரில் வருவார்கள், அப்போதும் தேறாவிட்டால் ஹங்கேரியனை மூடிவிடுவோம் என்றார் மேனேஜர். மூடினால் நாலு பேருக்கும் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும். என் மனைவி அப்போது ஆறு மாதம்.

குற்றவாளி யார் என்பதை பாய் இரண்டே நாளில் கண்டுபிடித்தார்.

“வே, இந்தம்மா மூச்சு எங்க?”

“நாய்ஸ்னு கட் பண்ணிட்டேன் பாய்.”

உண்மைதான். வார்த்தை அல்லாததெல்லாம் நாய்ஸ் என்பது எங்கள் ஆபீஸ் வேதம். மூன்று மாதம் உட்கார்ந்து அந்த அம்மாளின் மூச்சையெல்லாம் சுத்தமாகத் துடைத்து, அதற்குப் பாராட்டும் வாங்கியிருந்தேன்.

“அடப்பாவி. எங்க நிறுத்தி எங்க மூச்சு விடணும்னு தெரியாம ஓதுனா அது ஓதலே இல்ல. அதுக்குன்னு எங்களுக்குத் தனிப் பாடமே உண்டு வே.”

மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. சுத்தமான குரலில் மறுபடி குப்பையைப் போடுவதா என்றார். “சார், யூ ஆல்ஸோ ப்ரீத், நோ?” என்றார் பாய். மேனேஜர் மூச்சை ஒருமுறை இழுத்து விட்டுப் பார்த்தார். பிறகு அனுமதித்தார்.

அந்த மாதம் முழுக்க பழைய ரிக்கார்டிங்கைப் போட்டு, அந்த அம்மாளோடு சேர்ந்து பாயும் மூச்சு வாங்கினார். அவர் விரலைத் தூக்கும் இடத்தில் நான் குறி வைப்பேன். எந்த மாதிரி இடத்தில் எவ்வளவு நிறுத்தம் என்று அவர் விதி எழுத, நான் வெட்டிய மூச்சையெல்லாம் நானே திரும்ப ஒட்டினேன். எட்டிப் பார்த்த செக்ரெட்டரி, ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

புடாபெஸ்ட்காரர்கள் மூவரும் வந்தார்கள். அதில் ஒரு பெரியம்மா, ரேடியோவில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். கையில் சிவப்புப் பேனா. மெஷின் ஒரு பக்கச் செய்தியைப் படித்தது. நான் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது காகிதத்தைத் தொடவே இல்லை. முடிந்ததும் அவர் பாயிடம் திரும்பி ஹங்கேரியனில் நீளமாக ஏதோ சொன்னார். பாய் திருதிருவென்று விழித்தார். பிறகு தமக்குத் தெரிந்த ஒரே விஷயமான வானிலை அறிக்கையை மரியாதையாக ஒப்பித்தார்.

பெரியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, என்னிடம் ஆங்கிலத்தில், இவர் எங்கள் நாட்டில் எத்தனை வருஷம் இருந்தார் என்று கேட்டார். அந்தப் பக்கம் போனதே இல்லை என்றேன். பிறகு எங்கே கற்றார் என்றார். “மேலப்பாளையம், மேடம்” என்றேன். நான் பிறந்தது மயிலாப்பூர். ஆனாலும் சொந்த ஊரைச் சொல்வதுபோல் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மத்தியானம் மனைவி ஃபோன் பண்ணினாள். “என்னங்க, ஊருக்கு டிக்கெட் பாக்கணுமா?”

“வேணாம். நம்ம பாய் காப்பாத்திட்டாரு.”

“யாரு, உங்க ஆபீஸ் கிறுக்கா?”

கிறுக்கு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். இருந்தும் அன்று சுருக்கென்று கோபம் வந்தது. இன்றைக்கும் யாராவது அவரை அப்படிச் சொன்னால் வருகிறது.